நான் போடாத மெசேஜ்

எங்கள் ஆபீஸில் மெயில் பார்க்கத் தெரியாதவர் யாரும் கிடையாது. பார்க்கிறவர்தான் கிடையாது. என்னைத் தவிர.

சங்கரன்கோவிலில் விசைத்தறி போட்டுச் சேலை நெய்து வெளியூருக்கு அனுப்புகிற சின்னக் கம்பெனி. கீழே தறிக்கூடம், மாடியில் ஆபீஸ். தறிகள் ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் நிற்கிற ஆளைக் கூப்பிடக்கூடத் தோளைத் தட்ட வேண்டும். போன் மணி எங்கே கேட்கும்? அதனால் எங்களுக்குள் எல்லாப் பேச்சும் சாட்டில்தான். முதலில் வாட்ஸ்அப் குரூப் இருந்தது. அதில் ஆர்டரும் குட்மார்னிங் படமும் காதுகுத்துப் பத்திரிகையும் ஒன்றாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, முதலாளியின் பெங்களூர் மருமகன் ஒரு தீபாவளிக்கு வந்தபோது எல்லோர் போனிலும் ஆபீஸுக்கென்று தனியாக ஒரு சாட் ஆப்பை ஏற்றிவிட்டுப் போனார். அவர் ரயில் ஏறிய மறுநாளே அதிலும் கோமதியம்மன் அலங்காரப் படம் வந்துவிட்டது.

சேலை வாங்குகிற வெளியூர்க் கடைக்காரர்களை நாங்கள் பார்ட்டி என்போம். சின்னப் பார்ட்டிகள் போனில் பேசிவிடுவார்கள். பெரிய பார்ட்டிகள் மெயிலில்தான் பேசுவார்கள். கலர் மாற்றம், கரை மாற்றம், லோடு எப்போது வரும் என்ற கேள்வி எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் அவர்களுக்கு. அந்த மெயிலைத் திறந்து, தமிழில் இரண்டு வரியாகச் சுருக்கி, குரூப்பில் போடுவது என் வேலை. நான் கணக்கு எழுத வந்தவள். எப்படி மெயில்காரி ஆனேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. யாரோ ஒருநாள் ‘இத மட்டும் கொஞ்சம் பாருங்கக்கா’ என்றிருப்பார்கள். பார்த்தேன். அவ்வளவுதான், தலையில் கட்டிவிட்டார்கள்.

லீவு போட்டாலும் விடமாட்டார்கள். என் கொழுந்தன் கல்யாணத்தில் கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறு காதில், கோயம்புத்தூர் பார்ட்டியிடமிருந்து மெயில் வந்ததா என்ற கேள்வியைக் கேட்டேன். அட்சதை கையிலேயே இருந்துவிட்டது. பிறகு கல்யாண வீடியோவில் பார்த்தால், எல்லோரும் கையை உயர்த்துகிற நேரத்தில் நான் மட்டும் தூணைப் பார்த்துப் பேசிக்கொண்டு நிற்கிறேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு போயிருப்பேன். கண் மங்க ஆரம்பித்தது.

சாயங்காலம் எதிரே வருகிற வண்டியின் வெளிச்சம் சிதறித் தெரிந்தது. கம்ப்யூட்டரில் எட்டும் மூன்றும் ஒன்றுபோல் இருந்தன. கணக்கு எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? திருநெல்வேலியில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை, சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் வந்துவிட்டது, முதலில் ஒன்றைச் செய்வோம், அது ஆறியபின் மற்றதைச் செய்வோம், தள்ளிப்போடாதீர்கள் என்றார். நான் தள்ளித்தான் போட்டேன். பொங்கல் ஆர்டர் முடியட்டும் என்றேன். பிறகு பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்து டீச்சர் சேலை ஆர்டர் வந்தது. ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் போனைத் தொடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களே, அந்த ஒரு வாரம் மெயிலை யார் பார்ப்பார்கள்? முதலாளியிடம் கேட்டேன். “அது என்ன, எல்லாரும் பாத்துக்கிடலாம்” என்றார். ஆண்டிகள் கூடி மடம் கட்டின கதை எனக்குத் தெரியாதா?

அப்போதுதான் இந்த யோசனை வந்தது. மெயிலைப் பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள் என்றால், மெயிலே அவர்கள் இருக்கிற இடத்துக்குப் போகட்டும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற என் வீட்டுக்காரர்தான் ஒரு வீடியோவைக் காட்டினார். மெயில் வந்தால் தானாகவே ஆபீஸ் சாட்டில் விழுவதற்கு ஒரு வெப்சைட் இருக்கிறதாம். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாம். இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்றில் ‘இந்த மாதிரி மெயில் வந்தால்’ என்று சொல்ல வேண்டும். மற்றதில் ‘இந்தக் குரூப்பில் போடு’ என்று சொல்ல வேண்டும். இரண்டையும் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று வீடியோவில் ஒரு பையன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவனுக்கென்ன, எங்கள் ஆபீஸில் அவன் ஒருநாள் இருந்து பார்த்திருந்தால் சிரிப்பு வந்திருக்காது.

முதல் தடவை எல்லா மெயிலும் குரூப்புக்குப் போய்விட்டது. வீட்டுக்கடன் வேண்டுமா, முடி கொட்டுகிறதா, சிங்கப்பூர் போகிறீர்களா என்று மதியத்துக்குள் குரூப் நிறைந்துவிட்டது. தறி சூப்பர்வைசர், வழுக்கைத் தலைக்காரர், முடி விளம்பரத்தைத் தனக்கென்றே நான் அனுப்பியதாக நினைத்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவரைச் சமாதானம் செய்துவிட்டு, ‘அர்ஜென்ட்’ என்ற சொல் இருந்தால் மட்டும் போடு என்று மாற்றினேன். விளம்பரக்காரன் அத்தனை பேரும் அர்ஜென்ட் என்றுதான் எழுதுகிறான். எங்கள் பார்ட்டிகள், தலை போகிற காரியத்துக்குக்கூட ‘கைண்ட்லி நோட்’ என்று எழுதுகிற மனிதர்கள். கடைசியில் பெரிய பார்ட்டிகளின் மெயில் முகவரிகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். இவர்களிடமிருந்து வந்தால் போடு, மற்றது எதுவும் வேண்டாம். அது சரியாக வேலை செய்தது. மங்கின கண்ணை வைத்துக்கொண்டு, நெற்றியைத் திரையில் முட்டாத குறையாக உட்கார்ந்து செய்தேன். முதல் மெயில் தானாகக் குரூப்பில் விழுந்தபோது எனக்கே கை தட்ட வேண்டும்போல் இருந்தது.

அது ‘மெயில் பாட்’ என்ற பேரில் வந்தது. அந்தப் பேரை வெப்சைட்டே வைத்திருந்தது. ஒருவரும் அதைத் திறக்கவில்லை. பார்சல் அனுப்புகிறவர், கரிவலம்வந்தநல்லூரிலிருந்து தினமும் பைக்கில் வருகிறவர், “யாரும் அந்த லிங்கைத் தொட்டுராதீக, அக்கவுன்ட்ட வழிச்சிருவான்” என்று எல்லோரையும் எச்சரித்தார். முதலாளி அதற்கும் ஒருபடி மேலே போய்விட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் மெயில் பாட் குரூப்பிலேயே இல்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“எவனோ ஒருத்தன் உள்ள பூந்துட்டான்மா. நாந்தான் தூக்கினேன்” என்றார். வீட்டுக்குள் வந்த பாம்பை அடித்துவிட்டு வந்தவர் போல அப்படி ஒரு திருப்தி.

அது எவனோ இல்லை, நான் வைத்த மிஷின் என்று எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, மிஷின் சொன்னால் இங்கே எவனும் காதில் வாங்கமாட்டான், உன் பேரிலேயே வரும்படி செய் என்றார். அதில் நியாயம் இருந்ததை நான் மறுக்க மாட்டேன். எங்கள் ஊரில் ஒரு சேதி வந்தால் முதலில் கேட்பது ‘யாரு சொன்னா?’ என்றுதான். என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பெட்டியில் ஒரு இடத்தில் தட்டினேன். அதற்கப்புறம் பார்ட்டிகளின் மெயிலெல்லாம் என் பேரில், என் போட்டோவோடு, நானே டைப் அடித்தது போலக் குரூப்பில் விழ ஆரம்பித்தன.

எல்லோரையும் மாடிக்கு வரச்சொல்லி விளக்கினேன். இனிமேல் என் பேரில் வந்தாலும் நான் போடுவது இல்லை, தானாக வருகிறது. கலர் விஷயம் வந்தால் சூப்பர்வைசர் பார்க்க வேண்டும், லோடு விஷயம் வந்தால் பார்சல் அனுப்புகிற கரிவலத்துக்காரர் பார்க்க வேண்டும், மற்றதை முதலாளி பார்க்க வேண்டும். புரிந்ததா என்று கேட்டேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எங்கள் ஆபீஸில் தலையை ஆட்டினால் பேச்சு முடிந்தது, டீ குடிக்கப் போகலாம் என்று அர்த்தம்.

டாக்டரிடம் நாள் வாங்கினேன். போகிற அன்று பஸ் பனவடலிசத்திரத்தில் நின்றபோது போன் கினிங் என்றது. எடுத்துப் பார்த்தேன். சென்னைப் பார்ட்டியின் மெயில், நான் தொடாமலே குரூப்பில் போய் உட்கார்ந்திருந்தது. பக்கத்திலிருந்த வீட்டுக்காரரிடம் காட்டினேன். எத்தனை வருடம் என் கழுத்தில் கிடந்த நுகத்தடி! அதைக் கழற்றி வைத்தாயிற்று என்று அந்த பஸ்ஸில் முழுசாக நம்பினேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்துக் கறுப்புக் கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். வேளைக்குச் சொட்டு மருந்து, தலைக்குத் தண்ணீர் கூடாது, அடுப்புப் பக்கம் கூடாது, போன் கூடவே கூடாது. என் புத்தி தெரிந்த வீட்டுக்காரர் என் போனை அணைத்து பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கடைக்கு எடுத்துப்போய்விட்டார். எனக்கு வருத்தமே இல்லை. பகலில் படுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு டிவி சீரியலைக் காதால் பார்த்தேன். யார் யாருக்கு மாமியார் என்றுதான் சரியாகப் பிடிபடவில்லை. மற்றபடி சுகமாக இருந்தேன். ஆபீஸிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. அவர் போனுக்குமே வரவில்லை. பரவாயில்லையே, பிழைத்துக்கொண்டார்களே என்று சந்தோஷப்பட்டேன்.

நாலைந்து நாள் போயிருக்கும். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலிருந்தே கத்தினார்.

“ஏட்டி, உனக்குக் கண்ணு வேணுமா வேண்டாமா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விசாரித்தால், கரிவலத்துக்காரர் ஏதோ ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்திருக்கிறார். வந்தவர் என்னைப் பற்றி ஒரு பாட்டம் புகழ்ந்து தள்ளியிருக்கிறார். “அக்கா மாதிரி ஆளு கிடைக்குமா? கண்ணு ஆபரேஷன் பண்ணிக் கிடக்கும்போதும் மெயில் வந்த மறுநிமிசம் குரூப்புல போட்டுருதாக” என்றாராம். நான் இவருக்குத் தெரியாமல் யார் போனையோ வாங்கி, போர்வைக்குள் வைத்து வேலை பார்க்கிறேன் என்று இவர் முடிவுகட்டிவிட்டார். பீரோவைக் காட்டினேன். திறந்தார். போன் அணைத்தபடி, அவர் வைத்த இடத்திலேயே, சேலை அடுக்கின் மேல் கிடந்தது. பிறகுதான் அந்த வீடியோவைக் காட்டியதே தான்தான் என்று அவருக்கு ஞாபகம் வந்தது.

ஆபீஸில் எல்லோரும் நான்தான் போடுகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தால், நான் பார்த்துக்கொள்வேன் என்றும்தானே நம்பிக்கொண்டிருப்பார்கள்? அவர் போனில் முதலாளியைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூர் பார்ட்டி ஏதாவது எழுதியிருந்தார்களா என்று கேட்டேன். டீச்சர் சேலை ஆர்டர் அவர்களுடையது.

“அதான் நீயே போட்டிருந்தியேம்மா, பச்சைக் கரை வேண்டாம், நீலக் கரை போடுங்கன்னு.”

தறியில் என்ன கரை ஓடுகிறது என்று கேட்டேன். பச்சை என்றார். எப்போது வந்த மெயில் என்று கேட்டேன். அது ஆச்சு, நீ ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள் என்றார். பிறகு குரலில் லேசாக ஒரு மனத்தாங்கல் வந்தது.

“உன் பேர்ல வந்திருக்கவும் நீ பதில் எழுதியிருப்ப, கீழயும் சொல்லியிருப்பன்னு இருந்துட்டோம். இவ்வளவு போட்டவ, ஒரு வார்த்தை போன்ல சொல்லியிருக்கலாம்லா?”

“அண்ணாச்சி, எனக்குக் கண்ணக் கட்டிப்போட்டிருந்தாக” என்றேன்.

“அது தெரியும்மா. ஆனா உன் பேருல்லா போட்டிருந்துச்சு.”

கண்ணில் தண்ணீர் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வந்தது. அழுகை இல்லை, ஆத்திரம். போனை வைத்துவிட்டேன்.

தறிகள் நின்றன. தறியில் ஏற்றியிருந்த பாவு நூலை இறக்கி, நீலத்துக்கு மாற்றி, பார்ட்டியிடம் கெஞ்சி நாள் வாங்கினார்கள். அதையெல்லாம் முதலாளியே செய்தார். செய்ய முடிந்த மனிதர்தான். நெய்து கிடந்த பச்சைக் கரைச் சேலையை என்ன செய்வதென்று தெரியாமல், பின்னால் வந்த கோமதியம்மன் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஆபீஸ் பெண்களுக்கும் தறிக்காரர்கள் வீட்டுக்கும் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று வந்தது. அதை இன்றுவரை நான் பிரிக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் கழிந்து போன் என் கைக்கு வந்தபோது முதல் காரியமாக அந்தக் குரூப்பைத் திறந்தேன். ஆபரேஷன் செய்த கண்ணில் எழுத்துகள் கழுவி வைத்தது போல் தெரிந்தன. கோயம்புத்தூர் மெயில் இருந்தது. பக்கத்தில் என் போட்டோ. அதற்குக் கீழே சூப்பர்வைசர் கும்பிடு போட்டிருந்தார். கரிவலத்துக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, ‘ரெஸ்ட் எடுங்கக்கா’ என்று எழுதியிருந்தார். முதலாளி, ‘கடமை உணர்வு என்றால் இதுதான். எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று எழுதி, ஒரு ரோஜாப் பூ. அதற்கு மேலும் கும்பிடு, கும்பிடு, கும்பிடு. மெயிலில் என்ன இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சரி, அதுதான் வழக்கம். ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடக்கிறவள் எப்படி மெயில் பார்ப்பாள் என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லையே. பார்ப்பாள் என்றே நினைத்திருக்கிறார்கள். அதை வாசித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பார்வை வந்து முதலில் வாசிக்கக் கிடைத்தது இதுதானா என்றிருந்தது.

வேலைக்குப் போன அன்று எல்லோரும் நன்றாக விசாரித்தார்கள். கரிவலத்துக்காரர் அவர் தோட்டத்துக் கொய்யா கொண்டுவந்து கொடுத்தார். யாரும் கெட்டவர்கள் இல்லை. அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடுதலாக வந்தது, திட்டித் தீர்க்க ஒரு ஆள் இல்லாமல்.

நேரே முதலாளி மேஜைக்குப் போனேன். இன்னொரு கண் பாக்கி இருக்கிறது, அதற்கு நான் போக வேண்டும் என்றேன். தாராளமாகப் போ என்றார். போவதற்கு முன்னால் என் பேரை எடுத்துவிட்டு உங்கள் பேரை வைக்கிறேன், மெயிலெல்லாம் இனி உங்கள் பேரில் குரூப்பில் வரட்டும் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“என் பேர்லயா? அப்ப ஒவ்வொருத்தனும் நான் பாத்துட்டேன்னுல்லா நினைப்பான்?”

“ஆமா அண்ணாச்சி” என்றேன்.

அவர் கண்ணாடியை எடுத்துத் துண்டால் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு தன் போனை எடுத்து, பூட்டைத் திறந்து, என் பக்கம் தள்ளினார்.

அவர் எதிரிலேயே உட்கார்ந்து மாற்றினேன். அந்தப் பெட்டியில் என் போட்டோ போய் அவர் போட்டோ வந்தது, பட்டுச் சட்டையில், மகள் கல்யாணத்தில் எடுத்தது. அன்று சாயங்காலமே சென்னைப் பார்ட்டியிடமிருந்து ஒரு மெயில் வந்தது. சேலைக்கு மடிப்பு மாற்ற வேண்டும் என்று சின்ன விஷயம்தான். மெயில் விழுந்த சத்தம் அடங்குவதற்குள் மாடிப்படியில் தடதடவென்று காலடி கேட்டது. சூப்பர்வைசரும் கரிவலத்துக்காரரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு மேலே வந்து, முதலாளி முன்னால் மூச்சு வாங்க நின்றார்கள். மடிப்பு எப்படி வேண்டுமென்று அவரிடம் கேட்டார்கள்.

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. போனை எடுத்து, தன் பேரில் வந்திருந்ததைத் தானே முதல்முறையாக வாசிக்க ஆரம்பித்தார். வாசித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஒருமுறை தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். எனக்குச் சொட்டு மருந்து விடுகிற நேரம். அண்ணாந்து பார்த்து விட்டுக்கொண்டு, கண்ணை மூடினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அடுத்த கண்ணுக்கு நாள் கேட்டேன்.